அண்ணியின் ரம்பத்தைத் தொட்டது யார்

டமார் என்று ஒரு சத்தம். பின்னாலேயே கண்ணாடி உடைந்து சிதறும் சத்தம். அதற்கும் பின்னால், எதிர்வீட்டு நாய் தன் ஆயுளில் மிச்சம் வைத்திருந்த குரைப்பையெல்லாம் சேர்த்துக் குரைத்தது.

அடுப்படியில் இருந்த அண்ணி கரண்டியும் கையுமாக ஓடினாள். ஓட வேண்டிய தூரம் பத்தடிதான். வீட்டை ஒட்டி, கார் நிறுத்துவதற்கென்று கட்டி, கார் வராமலே பழசாகிப்போன அறை அது. இப்போது அது அண்ணியின் பட்டறை. நடுவில் அவளுடைய ரம்ப மேஜை. கனமான இரும்பு மேஜை. அதன் நடுவே ஒரு நீளப் பிளவு. பிளவுக்குள்ளிருந்து பாதி எட்டிப் பார்க்கும் வட்ட பிளேடு. பலகையை மேஜைமேல் வைத்து நேராகத் தள்ளினால் போதும், இரண்டாக வந்து நிற்கும்.

மேஜைக்கு முன்னால் அவள் கொழுந்தன் நின்றிருந்தான். கணவரின் தம்பி, ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். முகம் அவன் வண்டியிலிருக்கும் மாவு மூட்டையைவிட வெளுத்திருந்தது. ஒரு கை தொடையை அழுத்திப் பிடித்திருந்தது. மேஜைமேல் பலகை இல்லை. அவனுக்குப் பின்னால் இருந்த சன்னலில் கண்ணாடி இல்லை.

அண்ணி முதலில் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"எண்ணு."

"என்ன அண்ணி?"

"விரல எண்ணு."

"பத்து இருக்கு அண்ணி. காலையிலயும் பத்துதான் இருந்துச்சு."

"தொடையில என்ன?"

"பலகை இடிச்சுட்டுப் போச்சு. அப்படியே பின்னாடி பாஞ்சு சன்னல் வழியா..." அவன் திரும்பிப் பார்த்தான். எதிர்வீட்டு மதில்மேல், யாரோ துவைத்துக் காயப்போட்ட மாதிரி ஒரு பலகை குறுக்கே கிடந்தது.

பத்து விரலும் இருக்கின்றன, எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் அண்ணிக்குள் பயம் வடிந்தது. வடிந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"யாரைக் கேட்டுத் தொட்ட?"

"ரொட்டி டிரே வைக்க ஒரு பலகை அண்ணி. ஒண்ணே ஒண்ணு. நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் தள்ளுனேன்."

"நான் சொல்லிக்கொடுத்த மாதிரி தள்ளினா பலகை எதிர்வீட்டுக்கு விருந்துக்குப் போகுமா? பிளேடுக்குப் பின்னால ஒரு தகடு இருக்குமே, அதைக் கழட்டிட்டுத்தானே வெட்டின?"

"சத்தியமா கழட்டல."

"பொய் சொல்லாத. அது இல்லாம வெட்டினாத்தான் பலகை இப்படிப் பறக்கும்."

இந்த இடத்தில் அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டியவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான்: இந்தக் கொழுந்தன், அவனுக்கு மூத்தவளான நாத்தனார். ஆனால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அவளைவிட இருபது வயது பெரியவரான ஓய்வுபெற்ற தபால்காரர்கூட, "அண்ணி, நாற்காலிக் கால் ஆடுது" என்று வந்து நிற்பார். வாரத்தில் ஐந்து நாள் அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். மெழுகில் அச்சு எடுத்து, அரைத்து, தேய்த்து, யார் யார் வாயிலோ போய் உட்காரும் பற்களைச் செய்வது அவள் தொழில். மிச்சமிருந்த நேரமெல்லாம் பட்டறையில். மூடிப்போன ஒரு படச்சட்டக் கடையிலிருந்து ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த மேஜையைக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கென்று, அவள் மட்டும் சொல்கிறபடி நடக்கிற ஒரே இடம் இதுதான்.

சத்தம் கேட்டு அவள் கணவர் வந்தார். பஸ் டிப்போவில் தலைமை மெக்கானிக். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்துக் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். தம்பியைப் பார்க்கவில்லை. சன்னலையும் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார்.

"யாரு... இவனா ஓட்டினான்?" என்றார்.

"வேற யாரு, எதிர்வீட்டு நாயா?" என்றாள் அண்ணி. "தகட்டைக் கழட்டிட்டு ஓட்டினதும் இல்லாம, கழட்டலன்னு பொய் வேற சொல்றான்."

அவர் தம்பியைத் தோளில் தாங்கி உள்ளே கூட்டிப்போனார்.

இருபதாவது நிமிஷம் நாத்தனார் வந்துவிட்டாள். பக்கத்துத் தெருவில் குடியிருப்பு. மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. வாசலில் நின்றபடியே உள்ளே ஓடுவதையெல்லாம் படித்துவிடும் வித்தை அவளுக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும். தம்பியின் தொடையைப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப்போயிருந்தது.

"இன்னும் ஒரு சாண் மேல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று ஆரம்பித்தாள். "எத்தன தடவ சொல்லியிருக்கேன். வீட்டுக்குள்ள வைக்கிற சாமானா அது? அண்ணா கையில ஸ்பேனர், அண்ணி கையில ரம்பம். பாக்க நல்லாத்தான் இருக்கு."

"மிஷின்ல தப்பில்லம்மா," என்றாள் அண்ணி. "ஐஞ்சு வருஷமா நான் வெட்டுறேன். ஒரு கீறல் விழுந்ததில்ல."

"இன்னிக்கு விழுந்துருச்சே."

"ஓட்டத் தெரியாம ஓட்டினா..."

"அண்ணி, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றான் கொழுந்தன்.

நாத்தனாரிடம் தீர்வு தயாராக இருந்தது. அவளிடம் எப்போதும் தயாராகத்தான் இருக்கும். தன்னோடு வேலை பார்ப்பவரின் தம்பி ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராம். அங்கே இப்படி ஒரு மிஷின் இல்லாமல் பையன்கள் கையால் அறுக்கிறார்களாம். நாளைக்குக் காலை பத்து மணிக்கு வண்டியோடு வரச் சொன்னால் வந்து எடுத்துப்போய்விடுவார்களாம்.

"நல்ல காரியத்துக்குக் கொடுத்த மாதிரியும் ஆச்சு. வீட்டைப் பிடிச்ச ஆபத்தும் தொலஞ்சுது. என்ன அண்ணா சொல்ற?"

"சரி," என்றார் கணவர்.

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்பதைக்கூட இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போடுகிற மனிதர். ஹோட்டலுக்குப் போனால் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில்தான் என்ன சாப்பிடலாம் என்று முடிவுக்கு வருவார். அவருடைய வாயிலிருந்து, அவளுடைய மேஜையைப் பற்றி, மூச்சு விடாமல் ஒரு 'சரி'.

"என்ன சரி?" என்றாள்.

"இல்ல... பத்திரம்தானே முக்கியம். கொடுத்துடலாம்."

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டா நீ வேணாம்னுதான் சொல்லுவ. அதான் நாங்க பேசி முடிச்சோம்," என்றாள் நாத்தனார், மிக நியாயமாகப் பேசுகிற குரலில்.

அண்ணிக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஆனால் அவள் கத்துகிற ஜாதி இல்லை. கோபம் வந்தால் அவள் எதையாவது கழுவுவாள்.

"சரி, வண்டி வரட்டும்," என்றாள். "ஆனா அழுக்கோட அனுப்ப மாட்டேன். கழட்டி, சுத்தம் பண்ணி, ஓட்டிப் பார்ப்பேன். மிஷின்ல குறை இருந்தா நானே தள்ளி வண்டியில ஏத்துறேன். இல்லேன்னா அது இங்கதான் இருக்கும். யார் என்ன பேசி முடிச்சாலும்."

"எதுக்கு நீ மெனக்கெடுற? அவங்களே பண்ணிக்குவாங்க," என்றார் கணவர்.

"எங்க வீட்டு அழுக்க ஊரான் எதுக்குக் கழுவணும்?"

"அப்ப நான் பண்றேனே. எனக்கு அரை மணி நேர வேலை."

"உங்க கை அதுமேல படக்கூடாது. சரின்னு சொன்ன கை."

சரி சொன்னது வாய்தானே என்று கொழுந்தன் முணுமுணுத்தான். அண்ணி பார்த்த பார்வையில் முணுமுணுப்பு அடங்கியது. கணவர் நகத்தைப் பார்த்தார். டிப்போவில் ஒரு வண்டி நின்றுவிட்டதாம், போய்ப் பார்க்க வேண்டுமாம் என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போன் எதுவும் வந்த மாதிரி அண்ணிக்குத் தெரியவில்லை. அதை யோசிக்க அவளுக்கு அப்போது நேரம் இல்லை.

அவள் மின்வயரைப் பிடுங்கி, பிளக்கைத் தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மேஜைமேலேயே வைத்தாள். பிளேடைத் தொடுகிறவர்கள் சுவிட்சை நம்பக் கூடாது, பிளக்கைத்தான் நம்ப வேண்டும் என்பது அவள் கட்சி. மேஜை நடுவிலிருந்த சின்ன மூடித் தகட்டைத் திருகு கழற்றி எடுத்தாள்.

கொழுந்தன் தொடையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"டார்ச் பிடிக்கட்டுமா அண்ணி?"

"வாய மூடிட்டுப் பிடி."

வெளிச்சம் உள்ளே விழுந்தது. பிளேடுக்குப் பின்னால் அந்தத் தகடு இருந்தது. நேராக, இறுக்கமாக, அவள் மாட்டி வைத்த மாதிரியே. அண்ணி விரலால் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"சரி. தகடு இருக்கு," என்றாள்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன, உனக்குப் பட்டயம் எழுதித் தரணுமா?"

"பொய் சொல்லாதன்னு சொன்னீங்க. சாட்சிக்கு எதிர்வீட்டு நாய்கூட இருந்துச்சு."

"தப்புதான். போதுமா? டார்ச்சை ஆட்டாத."

அவள் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டாள். இரண்டு ஸ்பேனரை எடுத்தாள். ஒன்று அச்சைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருக. பிளேடு சுற்றுகிற திசையிலேயே திருகினால்தான் அந்த நட்டு கழலும்; தெரியாதவர்கள் எதிர்ப்பக்கம் மல்லுக்கட்டி முழங்கை பேர்ந்து போவார்கள். நட்டு ஒரு முனகலோடு விட்டது. பிளேடை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

பற்களின் இடுக்கிலெல்லாம் பிசின் கறுப்பாக, சர்க்கரைப் பாகு கருகியதுபோல ஒட்டியிருந்தது. போன மாதம் வெட்டிய பிசின் மரத்தின் வேலை. வெட்டி முடித்த அன்றே கழுவியிருக்க வேண்டும். பல்செட் கூடத்தில் வேலை குவிந்து கிடந்ததில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். பத்து நாளாகப் பட்டறைப் பக்கமே வரவில்லை.

"இது என் தப்பு," என்று பிளேடைப் பார்த்தே சொன்னாள்.

"இதனாலயா பறந்துச்சு?"

"இதனால மரம் கருகும். தள்ளக் கஷ்டமா இருக்கும். பறக்காது."

அகலப் பாத்திரத்தில் வெந்நீர் விட்டு, சலவைத் தூளைக் கரைத்து, பிளேடை அதில் படுக்கவைத்தாள். இருபது நிமிஷம் ஊறிய பிறகு நைலான் பிரஷ்ஷை எடுத்தாள். பல்செட் தேய்க்கிற பிரஷ்தான். ஒவ்வொரு பல்லாக, உள்பக்கம், வெளிப்பக்கம், இடுக்கு.

"கம்பி பிரஷ் போட்டா சீக்கிரம் போகும்ல?"

"பல் நுனியில தனியா கெட்டி உலோகம் ஒட்டியிருக்கு. கேப் போட்ட பல்லு மாதிரி. கம்பியால சுரண்டுவியா?"

"மொத்தம் எத்தன பல் அண்ணி?"

"நாப்பது. உன் வாயவிட எட்டு அதிகம். ஆனா உன் வாயளவுக்குப் பேசாது."

பிளேடு வெள்ளி மாதிரி வந்தது. ஈரம் நின்றால் துருப்பிடிக்கும் என்று உடனே துடைத்து, துணியில் சுற்றி வைத்தாள். கோபம் இப்போது கொஞ்சம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. தகடு இருக்கிறது, பிளேடு குற்றவாளி இல்லை, தள்ளியவன் மேலும் தப்பில்லை என்றால் பலகை எதற்காகப் பறந்தது? பதில் கிடைக்காவிட்டால் நாளைக்குப் பத்து மணிக்கு மேஜை வண்டியில் ஏறும். நாத்தனார் சொல்கிறபடி, 'வீட்டைப் பிடிச்ச ஆபத்து' என்ற பெயரோடு ஏறும். அந்தப் பெயர்தான் அவளுக்கு ஆறவில்லை.

மேஜையின் முன்பக்கத்தில் ஒரு கைச்சக்கரம் உண்டு. அதைச் சுற்றினால் பிளேடு மேலே வரும், கீழே போகும். உள்ளே தூசி தட்டுவதற்காக அச்சை மேலே கொண்டுவரலாம் என்று சுற்றினாள். சுற்றவில்லை. இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். கால் சுற்று நகர்ந்து நின்றுவிட்டது.

"நான் வெட்டுறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்துச்சு," என்றான் கொழுந்தன். "உடஞ்சா நீங்க என்னை உடைப்பீங்கன்னு விட்டுட்டேன்."

பத்து நாளைக்கு முன்னால் ஒரே விரலால் சுற்றிய சக்கரம். அண்ணி பக்கவாட்டுக் கதவைத் திறந்து தரையில் படுத்து, தலையை உள்ளே விட்டாள்.

"வெளிச்சம். இன்னும் கீழ. அங்கேயே நிறுத்து."

உயரம் மாற்றுகிற பல்சக்கரத்தைச் சுற்றி ஏதோ உருட்டி அப்பின மாதிரி இருந்தது. மரத்தூளோடு வேறு எதுவோ சேர்ந்து பிசைந்த மாவு. ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் நசுக்கினாள். வழவழவென்று இழுத்தது. நீலமாக இருந்தது.

நீல கிரீஸ்.

இந்த ரம்ப மேஜையின் வயிற்றுக்குள் கிரீஸ் என்ற பேச்சே கூடாது. கிரீஸ் ஈரமாக இருக்கும். மேலே பறக்கிற மரத்தூளையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டு நாளில் சிமென்ட் மாதிரி ஆகிவிடும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு, காய்ந்த மெழுகைத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான். ஐந்து வருஷமாக இந்தப் பல்சக்கரம் மெழுகைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

அவள் எழுந்தாள். தலைமயிரில் மரத்தூள். மேஜைமேல் குறுக்கே கிடந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்தாள். பலகை ஒட்டிக்கொண்டு நேராகப் போவதற்கான சட்டம். பட்டறையில் அதைக் கைடு என்பார்கள். தண்டவாளம் மாதிரி ஒரு கம்பியில் நகரும். வேண்டிய இடத்தில் நெம்புகோலை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். அழுத்திப் பூட்டினாள். பூட்டியது. பிறகு கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாள்.

சட்டம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. பிளேடின் பின்பக்கம் சாய்ந்தது.

"இதுதான்," என்றாள் மெதுவாக. "நீ பலகையைத் தள்ள, இது நழுவிச் சாஞ்சு, பலகையைப் பிளேடோட சேத்து நெரிச்சிருக்கு. சுத்துற பிளேடு அதைத் தூக்கி வீசியிருக்கு."

கம்பியின் மேல்பக்கம் சுத்தமாக இருந்தது. யாரோ துடைத்திருந்தார்கள். அண்ணி விரலை அடிப்பக்கம் விட்டு எடுத்தாள். நீலம்.

கொழுந்தன் அந்த விரலைப் பார்த்தான். அவர்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல், குளியலறைக் கதவுப் பிடி, சோப்பு டப்பா என்று எங்கே பார்த்தாலும் ஓரமாக ஒட்டியிருக்கும் நீலம். பஸ் சக்கரங்களுக்குப் போடுகிற கிரீஸ். டிப்போவையும் இந்த வீட்டையும் தவிர வேறெங்கும் அவன் அதைப் பார்த்ததில்லை.

"அண்ணன் சர்வீஸ் பண்ணியிருக்காரு போல," என்றான். "நல்ல எண்ணத்துல."

"நல்ல எண்ணமா? உன்னை நான் பொய்யன்னு சொன்னப்ப அவர் வாசல்லதான் நின்னாரு. வாயத் தொறந்தாரா?"

"தெரிஞ்சிருக்காது அண்ணி."

"பாத்த பார்வை தெரிஞ்ச பார்வைடா."

சாயங்காலம் வரைக்கும் கொழுந்தன் டார்ச் பிடித்தான். அண்ணி மண்ணெண்ணெய்யும் பிரஷ்ஷுமாகப் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பள்ளத்தையும் வழித்தெடுத்தாள். வழித்ததைப் பழைய தகரமூடியில் சேர்த்துவைத்தாள். நீலமும் பழுப்புமாக ஒரு பிடி வந்தது.

துடைக்கத் துடைக்க அவளுக்கு ஒன்று இடித்தது. அவருக்கு மரவேலை தெரியாது. கிரீஸ் போடாத இரும்பு எதுவானாலும் அவர் கண்ணுக்கு அது அனாதை. ஆசையில் அப்பிவிட்டார் என்றால் திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த மனிதர் கேட் கீலுக்குக் கிரீஸ் போட்டாலும் முதலில் துணியால் துடைப்பார், மண்ணெண்ணெய் விடுவார், மறுபடி துணியால் துடைப்பார், காயவிடுவார், அப்புறம்தான் டப்பாவைத் திறப்பார். அழுக்குமேல் கிரீஸ் போடுகிறவனை டிப்போவில் வேலையை விட்டே துரத்தியிருக்கிறார். இங்கே, ஒரு விரல்கனத் தூசிமேல் அப்படியே அள்ளி அப்பியிருந்தது. அடியில் தூள், மேலே கிரீஸ், அதன்மேல் மறுபடியும் தூள்.

இது தெரியாமல் செய்தது இல்லை.

அன்று இரவு அவர் எப்போது வந்து படுத்தார் என்று அவளுக்குத் தெரியாது. விடிந்ததும் பட்டறைக்குப் போய்விட்டாள். பல்சக்கரத்துக்கும் கம்பிக்கும் மெழுகு தேய்த்தாள். கைச்சக்கரம் ஒரே விரலுக்குச் சுற்றியது. மேஜையின் துருப்புள்ளிகளை நைசான உப்புத்தாளால் எடுத்து, மேலும் மெழுகு பூசி, தன் முகம் மங்கலாகத் தெரிகிறவரை துணியால் தேய்த்தாள். பிளேடை மாட்டினாள். ஒரே ஒரு பல்லுக்குச் சாக்பீஸால் அடையாளம் வைத்து, அது முன்னால் இருக்கும்போது கைடிலிருந்து எவ்வளவு தூரம், அதே பல் பின்னால் போகும்போது எவ்வளவு தூரம் என்று இரும்பு ஸ்கேலால் அளந்தாள். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. நெம்புகோலைப் பூட்டி, கொழுந்தனை விட்டு முழுப் பலத்தோடு தள்ளச் சொன்னாள். அவன் முகம் சிவந்தது, கைடு அசையவில்லை.

ஒன்பதரைக்கு நாத்தனார் வந்தாள். கணவரும் காப்பி தம்ளரோடு வந்து வாசல் நிலையில் சாய்ந்தார்.

"பளபளன்னு ஆக்கிட்டீங்களே அண்ணி. பள்ளிக்கூடத்துல சந்தோஷப்படுவாங்க," என்றாள் நாத்தனார்.

அண்ணி பிளக்கை மாட்டினாள். எதிர்வீட்டு மதிலிலிருந்து மீட்டு வந்த அதே பலகையை மேஜைமேல் வைத்தாள். எல்லாரையும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள். நேற்று உறுமிய மிஷின் இன்று ரீங்காரம் போட்டது. தள்ளுகட்டையால் பலகையை நிதானமாக நகர்த்தினாள். பலகை கடைசிவரை நேராகப் போய், இரண்டாக, கருகாத ஓரங்களோடு அந்தப்பக்கம் வந்து நின்றது. சுவிட்சை அணைத்தாள். பிளேடு நிற்கும்வரை காத்திருந்தாள்.

"குறை மிஷின்ல இல்ல," என்றாள். தகரமூடியை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்தாள். "இதுலதான் இருந்துச்சு."

நாத்தனார் மூக்கருகே கொண்டுபோனாள். அவளும் மெக்கானிக்கின் தங்கைதான். அந்த வாசனையில் வளர்ந்தவள். அண்ணனைப் பார்த்தாள். முதல்முறையாக அவளிடம் தீர்வு எதுவும் தயாராக இல்லை.

"சர்வீஸ் பண்ணேன்," என்றார் கணவர். "கொஞ்சம் இறுக்கமா இருந்த மாதிரி இருந்துச்சு. ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு."

"தூசியைத் துடைக்காமலா?"

அவர் தம்ளரைப் பார்த்தார்.

"இருபது வருஷமா உங்களோட இருக்கேன். துடைக்காம நீங்க ஒரு சைக்கிள் செயினுக்குக்கூடக் கிரீஸ் போட்டதில்ல. இதுல தூள்மேல அப்பியிருக்கீங்க. கம்பியில மேல துடைச்சுட்டு அடியில விட்டிருக்கீங்க, என் கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு. தம்பியை நான் பொய்யன்னு சொல்றேன், கேட்டுட்டு நிக்கிறீங்க. உங்க தங்கச்சி மிஷினைத் தூக்குன்னு சொல்றா, ஒரே மூச்சுல சரிங்கிறீங்க. ஏன், வண்டி ஏறிட்டா உள்ள யாரும் பாக்க மாட்டாங்கன்னா?"

"அண்ணி, விடுங்க," என்றான் கொழுந்தன். அடிபட்டவனே சொன்னான்.

"நீ சும்மா இரு. அந்த இடத்துல நான் நின்னிருக்கணும். பத்து நாளா பல்செட் வேலை இல்லாம இருந்திருந்தா நான்தான் நின்னிருப்பேன். நீ என்னைவிட ஒரு அடி உசரம். உனக்குத் தொடை. எனக்கு வயிறு."

வாசலில் வண்டி வந்து நின்றது. ஹாரன் இரண்டு தடவை அடித்தது. அண்ணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மிஷின் எங்கேயும் போகாதுன்னு போய்ச் சொல்லும்மா," என்றாள் நாத்தனாரிடம். "பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பெஞ்சு செஞ்சு தரேன்னு சொல்லு. நீ கூப்பிட்டவங்க, நீயே அனுப்பு."

பெஞ்சு என்ற வார்த்தை விழுந்ததும் கணவரின் முகம் ஒரு நொடி சுருங்கியது. அண்ணி அதைக் கவனித்தாள். போன வருஷம் டிப்போ ஓய்வறைக்கு அவள் இரண்டு பெஞ்சு செய்து கொடுத்ததிலிருந்து அங்கே அவருக்கு 'பெஞ்சு அண்ணி வீட்டுக்காரர்' என்று பெயர். அவரே வந்து சிரித்துக்கொண்டே சொன்னார், அவளும் சிரித்தாள். முன்பெல்லாம் இந்தத் தெருவில் மிக்ஸி நின்றாலும், மின்விசிறி நின்றாலும், தண்ணீர் மோட்டார் நின்றாலும் அவரைத் தேடித்தான் வருவார்கள். இப்போது கேட்டில் கை வைக்கிறவர்கள் அவரிடமே, "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிடுகிறார்கள். அவரும், "இருக்காங்க" என்று கேட்டைத் திறந்துவிடுவார்.

நாத்தனார் தகரமூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனாள். கொழுந்தன் நொண்டிக்கொண்டு பின்னாலேயே போனான். பட்டறையில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"கோபமிருந்தா சொல்லியிருக்கலாம்," என்றாள் அண்ணி. "புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம். மிஷினைக் கெடுக்க மெக்கானிக்குக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். மேஜைக்குப் பக்கத்தில் வந்தார். தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் மெழுகு தேய்த்த இரும்பைப் பார்த்தபடி சொன்னார்:

"அது ஓடாம நின்னுபோனா, 'ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்க'ன்னு ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடுவியான்னு பாத்தேன்."